தேங்காய் ஓட்டில் தேங்கும் ஆற்றல்

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தைப்பூசத்திற்கு முதல் நாள் அதிகாலையில், பினாங்கு லெபோ பினாங்கில் உள்ள கோயில் வீட்டிலிருந்து தண்டாயுதபாணிப் பெருமான் வெள்ளி ரதத்தில் எழுந்தருளுகின்றார். தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஆலயத்தை ரதம் சென்றடையும்வரை, வழிநெடுக அடியார்கள் தேங்காய்களைக் குவித்து வைத்துக் காத்திருக்கின்றனர். ரதம் நெருங்கியதும் சிதறுதேங்காய் உடைகின்றது. நோய் நீங்கியவர், மகப்பேறு வேண்டியவர், தேர்வில் தேறிய பிள்ளையின் பெற்றோர் என ஒவ்வொருவரும் தத்தம் நேர்த்திக்கடனைச் செலுத்துகின்றனர். தமிழரோடு சீன அன்பர்களும் சேர்ந்து தேங்காய் உடைப்பது அவ்வூரின் தனிச்சிறப்பாகும்.

ரதம் கடந்து சென்ற சற்று நேரத்தில் காட்சி மாறுகின்றது. தேங்காய்நீரும் பருப்பும் ஓடும் கலந்து தார்ச்சாலை வழுக்குகின்றது. மாநகராட்சிப் பணியாளர்கள் மண்வெட்டியும் இயந்திரமும் கொண்டு அவற்றை அள்ளி வண்டியில் ஏற்றுகின்றனர். சற்று முன்வரை வேண்டுதலாக இருந்த பொருள் இப்போது குப்பை என்னும் பெயரைப் பெற்றுவிடுகின்றது. பினாங்கு நுகர்வோர் இயக்கத்தார், இவ்வழக்கத்தில் ஓர் அளவு வேண்டும் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்துள்ளனர். அவர்களது வேண்டுகோளைச் சமயத்திற்கு எதிரான கூற்று என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பக்தியால் உடைபட்ட பொருள் குப்பையாகத்தான் முடிய வேண்டுமா என்னும் வினாவை ஒதுக்கிவிட இயலாது.

அவ்வினாவிற்குச் சமயம் தரும் விடை ஒன்று உண்டு. அறிவியல் தரும் விடையும் ஒன்று உண்டு. மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தக்கூடிய மின்கலங்களுக்குத் தேவையான கார்பன் என்னும் கரிமப்பொருளை, தேங்காய் ஓடு, பழைய டயர், கழிவுத்தாள் போன்ற வேண்டாப் பொருள்களிலிருந்தே செய்யலாம் என்று உலகின் பல ஆய்வுக்கூடங்கள் மெய்ப்பித்துள்ளன. அந்த விடையை எளிய முறையில் விளக்குவதும், அதில் ஆலயத்தாரின் பங்கு எது என்று சுட்டிக்காட்டுவதுமே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

மும்மலமும் தேங்காயும்

தேங்காய் உடைப்பதற்குப் பெரியோர் கூறும் தத்துவம் அன்பர்கள் அறிந்ததே. புற மட்டை மாயை. உள்ளே பின்னிக் கிடக்கும் நார் கன்மம். எளிதில் உடையாத ஓடு ஆணவம். இம்மூன்றும் நீங்கிய இடத்தில் வெண்மையான பருப்பும் இனிய நீரும் வெளிப்படுகின்றன. ஆன்மா தூய்மையுறும் நிலைக்கு இஃது எளிய விளக்கம்.

சைவ சித்தாந்தம் இதில் ஒரு நுட்பத்தை உணர்த்துகின்றது. ஆணவ மலம் அடியோடு இல்லாமற் போய்விடுவதில்லை. முத்தி நிலையில் அதன் சக்தி கெட்டு, தொழிற்பட மாட்டாமல் அடங்கிக் கிடக்கும் என்பதே சித்தாந்தக் கொள்கை. அழித்தல் வேறு, அடக்குதல் வேறு. இந்த வேறுபாட்டை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஓட்டைத் தீயில் இடும்போது நிகழ்வதும் இதற்கு ஒப்பானதே. உவமையை உவமையளவில் கொள்ளல் தகும். தத்துவத்திற்கு ஆய்வுக்கூடம் சான்றாக வேண்டியதில்லை.

சாம்பலும் கரியும்

ஒரே ஓடு, ஒரே தீ. ஆயினும் முடிவு இரண்டு வகை. திறந்த வெளியில் எரித்தால் ஓடு கொழுந்துவிட்டு எரிந்து கைப்பிடிச் சாம்பலாகிறது. காற்றுப் புகாமல் அடைத்து வைத்துச் சூடேற்றினால், வடிவம் குலையாத கருங்கரியாகிறது. காரணம் எளிது. ஓட்டில் உள்ளவை பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் மூன்று தனிமங்களே. காற்று தாராளமாகக் கிடைத்தால் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிக் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். எரியாத தாதுப்பொருள் மட்டுமே சாம்பலாக எஞ்சும். தேங்காய் ஓட்டில் அந்தச் சாம்பல் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். காற்றை அடைத்துவிட்டால், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராவியாகவும் வாயுவாகவும் தாராகவும் பிரிந்து வெளியேறும். கார்பனில் கணிசமான பகுதி போக வழியின்றித் தங்கிவிடும். இம்முறையில் ஓட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரியாகக் கிடைக்கின்றது.

மலேசியாவில் இதனைக் கண்ணாரக் காண விரும்புவோர், பேராக் மாநிலத்தில் தைப்பிங் நகருக்கு அருகிலுள்ள கோலா செப்பெத்தாங்கின் கரிச்சூளைகளைப் பற்றி அறிந்திருப்பர். கவிழ்த்து வைத்த பெருங்கிண்ணம் போன்ற செங்கற் சூளைக்குள் சதுப்புநில மரக்கட்டைகளை நிறுத்தி அடுக்குகின்றனர். தீ வாயிலில் மட்டுமே மூட்டப்படுகின்றது. உள்ளே உள்ள கட்டைகள் எரிவதில்லை. அந்த வெப்பத்தில் நாள்கணக்கில் வேகின்றன. வெளிவரும் புகையைக் கவனித்தே உள்ளிருக்கும் பக்குவத்தைச் சூளைக்காரர் அறிகின்றார். உரிய வேளை வந்ததும் வாயிலையும் துளைகளையும் மண் பூசி அடைத்து ஆறவிடுகின்றார். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் புகுந்து அத்தனையும் தீப்பற்றிச் சாம்பலாகும். பொறுமையே அத்தொழிலின் முதலீடு.

இவ்வாறு கிடைக்கும் கரியை மேலும் நீராவியில் சூடேற்றினால், கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்துளைகள் அதில் உண்டாகும். நீரைத் தூய்மையாக்கும் வடிகட்டிகளில் பயன்படும் கரி இதுவே. முதல் உலகப்போரின்போது நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடிகளுக்கு இத்தகைய கரி பெருமளவில் தேவைப்பட்டது. தேங்காய் ஓடு போதாமற் போகவே, 1918-இல் அமெரிக்காவில் பீச் முதலிய பழங்களின் கொட்டைகளையும், கடினமான விதைகளின் ஓடுகளையும் எறியாமல் சேர்த்துத் தருமாறு பொதுமக்கள் வேண்டப்பட்டனர். வீட்டுக் குப்பைக்குப் போகவிருந்த கொட்டைகள், தனியே பிரித்து வைக்கப்பட்டதனால் போர்வீரரின் உயிர் காக்கும் பொருளாயின. இலங்கையில் 1973-இல் தொடங்கப்பெற்ற ஹேகார்ப் நிறுவனம் தேங்காய் ஓட்டுக் கரியை இவ்வாறு பக்குவப்படுத்தி இன்றும் உலக நாடுகளுக்கு அனுப்பி வருகின்றது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்னும் பழமொழி தேங்காய்க்கும் பொருந்தும்.

மின்கலத்தின் உள்ளே ஒரு ரத ஊர்வலம்

கைத்தொலைபேசியிலும் மின்சாரக் காரிலும் உள்ள லித்தியம்-அயனி மின்கலத்தில் கார்பனுக்கு என்ன வேலை? வெள்ளி ரதத்தையே உவமையாகக் கொள்ளலாம். ரதம் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை ஆலயத்தை அடைந்து, பூசம் நிறைவுற்றதும் மீண்டும் புறப்பட்ட இடத்திற்கே திரும்புகின்றது. மின்கலத்திலும் நேர்மின்முனை, எதிர்மின்முனை என இரண்டு இடங்கள் உண்டு. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையை விட்டுப் புறப்பட்டு, இடையிலுள்ள கரைசல் வழியே சென்று எதிர்மின்முனையில் தங்குகின்றன. கருவியைப் பயன்படுத்தும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன. அவ்வேளையில் வெளிக்கம்பி வழியாக ஓடும் மின்னணுக்களின் ஓட்டமே விளக்கை எரிக்கும் மின்சாரமாகும். அயனிகள் வந்து தங்கும் அந்த எதிர்மின்முனையே கார்பனால் ஆனது. ஆயிரம் முறை வந்து போனாலும் இடிந்து விழாத தங்குமடம் போன்றது அது.

இந்தத் தங்குமடம் தொடக்கத்திலேயே கசடிலிருந்து எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1985-இல் ஜப்பானிய அறிஞர் அகிரா யோஷினோ உருவாக்கிய முன்மாதிரி மின்கலத்தில், எண்ணெய்ச் சுத்திகரிப்பின் இறுதியில் எஞ்சும் பெட்ரோலியக் கல்கரியே எதிர்மின்முனையாக அமைந்தது. 1991-இல் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில காலத்திற்குள் அந்நிறுவனம் பர்ஃபூரைல் ஆல்கஹால் என்னும் பொருளிலிருந்து செய்த கடினக் கார்பனையும் பயன்படுத்தியது. அந்த ஆல்கஹாலுக்கு மூலப்பொருள், சோளக்கதிரின் தக்கை, கரும்புச் சக்கை போன்ற வேளாண் கழிவுகளேயாகும்.

2019-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு யோஷினோ, ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம் ஆகிய மூவருக்கும் வழங்கப்பெற்றது. அப்போது 97 வயதினராயிருந்த குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர், தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அவரோடு நெடுங்காலம் பணியாற்றிய பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம் ஆவார். மாணவச் செல்வங்கள் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று.

கிராபைட்டும் கடினக் கார்பனும்

இன்றைய லித்தியம் மின்கலங்களில் பெரும்பாலும் பயன்படுவது கிராபைட் என்னும் கார்பன் வகை. பென்சிலின் கூர் அதனால் ஆனதே. சீட்டுக்கட்டைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஏடுகளைக் கொண்டது அது. ஏடுகளுக்கிடையே லித்தியம் அயனிகள் புகுந்து தங்குகின்றன. ஒரு கிராம் கிராபைட் 372 மில்லி ஆம்பியர்-மணி அளவு மின்னேற்றத்தைத் தாங்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. சுரங்கத்திலிருந்தும் கிராபைட் கிடைக்கின்றது. கல்கரியை ஏறத்தாழ 3,000 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிச் செயற்கையாகவும் செய்யப்படுகின்றது. மின்கலத்திற்கான கிராபைட்டைப் பக்குவப்படுத்தும் தொழில் பெரிதும் சீனாவில் குவிந்துள்ளது. 2023 டிசம்பர் முதல் நாள் அந்நாடு சிலவகைக் கிராபைட்டின் ஏற்றுமதிக்கு முன் அனுமதி தேவை என்னும் விதியை நடைமுறைப்படுத்தியது. அதன் பின்னர், கிராபைட்டுக்கு மாற்று எது என்னும் தேடல் பிற நாடுகளில் மேலும் வலுப்பெற்றது.

எல்லாக் கரியும் சூடேற்றினால் கிராபைட் ஆவதில்லை. இதனைத் தெளிவாக நிறுவியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்னும் ஆங்கிலேய அம்மையார். மரபணுவின் வடிவத்தைக் கண்டறியப் பேருதவி செய்த அதே அம்மையார்தான். எவ்வளவு சூடேற்றினாலும் சிலவகைக் கரிகள் கிராபைட்டாக மாறமாட்டா என்று 1951-இல் அவர் எழுதினார். சர்க்கரைக் கரி அவ்வகையைச் சேர்ந்தது. தேங்காய் ஓட்டுக் கரியும் அவ்வகையே. அதன் ஏடுகள் சீராக அடுக்கப்படாமல், கலைத்துப்போட்ட சீட்டுகளைப்போல் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இடையிடையே வெற்றிடங்கள் உள்ளன. இதுவே கடினக் கார்பன் எனப்படுகின்றது. ஏறத்தாழ 1,000 முதல் 1,500 பாகை வெப்பத்திலேயே இது பக்குவமடைந்துவிடுகின்றது.

அந்த ஒழுங்கின்மையே அதன் பெருமையாயிற்று. சாதாரண உப்பில் உள்ள சோடியத்தைக் கொண்டும் மின்கலம் செய்யலாம். ஆனால் சோடியம் கிராபைட்டின் ஏடுகளுக்கிடையே நிலையாகத் தங்குவதில்லை. கடினக் கார்பனிலோ அதற்கு இடம் கிடைக்கின்றது. 2000-ஆம் ஆண்டில் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன்ஸ், டான் ஆகிய இருவரும் குளுக்கோசைக் கரியாக்கிச் செய்த கடினக் கார்பனில் சோடியம் நன்கு தங்குவதை எடுத்துக்காட்டினர். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர்-மணி கிடைத்தது. சோடியம் மின்கலம் அதே ஆற்றலுக்கு லித்தியத்தைவிடக் கனமானது. ஆயினும் ஓரிடத்தில் வைத்துச் சூரிய மின்சாரத்தைச் சேமிப்பதற்குக் கனம் ஒரு தடையன்று. 2024-இல் சீனாவின் ஹூபெய் மாநிலத்தில் சோடியம் மின்கலங்களைக் கொண்ட பெரிய மின்சேமிப்பு நிலையம் மின்கட்டமைப்போடு இணைக்கப்பட்டது. ஜப்பானின் குராரே நிறுவனம் தாவரப் பொருளிலிருந்து மின்கலத்திற்கான கடினக் கார்பனைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்துள்ளது.

இங்கு ஒரு சிறு கணக்கு. ஓர் ஓட்டின் எடை 100 கிராம் என்று கொண்டால், அதிலிருந்து 25 கிராம் கரி கிடைக்கும். கைத்தொலைபேசியின் மின்கலம் 5,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது என்று கொண்டால், கிராமுக்கு 300 வீதம் அதற்கு வேண்டிய கார்பன் 17 கிராம். மேலும் சூடேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தேங்காயின் ஓடு ஒரு கைத்தொலைபேசி மின்கலத்தின் கார்பனுக்கு ஏறத்தாழ ஈடாகின்றது. இது தாளில் போட்ட கணக்கே. எனினும் தெருவில் சிதறிக் கிடப்பது எத்தகைய பொருள் என்பதை உணர்த்தப் போதுமானது.

பால்மரக் காட்டிலிருந்து பழைய டயர்வரை

தேங்காய் ஓட்டோடு இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. மலேசியத் தமிழரின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்த இன்னொரு பொருள் ரப்பர். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியிலும் பனியிலும் பால்மரம் வெட்டிய பாட்டன் பாட்டியரின் உழைப்பினால் உலகெங்கும் சக்கரங்கள் ஓடின. அந்தப் பால் டயராயிற்று. தேய்ந்த டயரோ எவருக்கும் வேண்டாத பொருளாயிற்று. டயர் மண்ணில் மட்குவதில்லை. குவித்து வைத்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகி டிங்கி காய்ச்சல் பரவும். எரித்தால் நச்சுப்புகை சூழும்.

2014-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அமித் நஸ்கர், பரன்ஸ் பரந்தாமன் முதலிய அறிவியலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். டயர்த்தூளைச் சூடான கந்தக அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, காற்றில்லாச் சூழலில் 1,100 பாகைவரை சூடேற்றி, அதிலிருந்து மின்கலத்திற்கேற்ற கார்பனைப் பெற்றனர். நூறு முறை மின்னேற்றி இறக்கிய பின்னரும் அந்தக் கார்பன் கிராமுக்கு ஏறத்தாழ 390 மில்லி ஆம்பியர்-மணி தாங்கியது. கிராபைட்டின் கோட்பாட்டுக் கணக்கையும் அது விஞ்சியது. அமிலத்தில் ஊறவைத்ததன் பயன், சூடேற்றும்போது ரப்பரிலுள்ள கார்பன் வாயுவாகிப் போய்விடாமல் கட்டுண்டு நிற்பதே. இங்கும் அடக்குதலே ஆக்கத்திற்கு வழியாயிற்று.

தாளும் செம்பனையும்

சிங்கப்பூரில் உருவாகும் மொத்தக் கழிவில் 2020-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தாள் கழிவாக இருந்தது. உணவும் எண்ணெயும் பட்ட தாளை மறுபடி தாளாக்குவது கடினம். 2022-இல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளை லேசர் ஒளியால் வலைபோல் வெட்டி அடுக்கி, காற்றின்றி 1,200 பாகை வெப்பத்தில் கரியாக்கினர். அதனைக் கொண்டு செய்த எதிர்மின்முனை 1,200 முறைவரை மின்னேற்றி இறக்குதலைத் தாங்கியது. திருவிழா நாளில் பூசைப்பொருள் சுற்றிவரும் தாள்பையும் அட்டைப்பெட்டியும் அடிப்படையில் அதே இனத்தைச் சேர்ந்தவை என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ரப்பர் மரங்கள் நின்ற தோட்டப்புறங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. செம்பனை ஆலைகளில் எண்ணெய் எடுத்தபின் வெற்றுக்குலையும் கொட்டை ஓடும் மலைபோல் எஞ்சுகின்றன. மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்பனை வெற்றுக்குலையிலிருந்து கார்பன் வில்லைகளைச் செய்து, மின்னாற்றலை விரைந்து ஏற்று விரைந்து தரும் மின்தேக்கிகளில் அவற்றை நீண்ட காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். ஆகவே இத்துறையில் மலேசியாவும் சிங்கப்பூரும் வேடிக்கை பார்க்கும் நாடுகள் அல்ல.

மறைக்கக்கூடாத குறைகள்

நன்மையை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது அறிவியலுக்கும் அறத்திற்கும் அடுக்காது. ஆய்வுக்கூடத்தில் சில கிராம் அளவில் வெற்றி பெறுவது வேறு. ஆலையில் டன் கணக்கில் ஒரே தரத்தில் செய்வது வேறு. கடினக் கார்பனில் முதல் முறை புகும் அயனிகளில் ஒரு பகுதி திரும்பாமல் உள்ளேயே சிக்கிக்கொள்வதுண்டு. ஓட்டில் ஒட்டிய நாரிலும் மண்ணிலும் உள்ள உப்புகள் மின்கலத்தைக் கெடுக்கும். அவற்றை அமிலத்தால் கழுவ வேண்டியிருப்பின், அந்தக் கழிவுநீரையும் தூய்மைப்படுத்தியாக வேண்டும். ஒவ்வோர் ஊரின் ஓடும் ஒரே தன்மையுடையதாக இராது. விலையிலும் கிராபைட்டோடு போட்டியிட வேண்டியுள்ளது.

எனவே எந்த ஆலயமும் தன் பின்கட்டில் மின்கலக் கார்பனைச் செய்துவிட இயலாது. செய்ய முற்படவும் கூடாது. இரும்புப் பீப்பாயில் ஓட்டை இட்டுக் கொளுத்தினால் கிடைப்பது கரியன்று. புகையும், உயிரைப் பறிக்கவல்ல கார்பன் மோனாக்சைடு வாயுவும், அக்கம்பக்கத்தாரின் மனவருத்தமுமே. மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடை செய்கின்றது.

ஆலயத்தார் செய்யத்தக்கவை

அவ்வாறாயின் ஆலயத்தாரின் பங்கு எது? மேற்கூறிய வரலாறு அனைத்திலும் ஓர் உண்மை பொதுவாக நிற்கின்றது. கழிவு பொருளாவது உலையில் அன்று. அதனைப் பிரித்து வைக்கும் கையில்தான். பீச் கொட்டையைத் தனியே சேர்த்த இல்லத்தரசியின் கை இல்லாமல் முகமூடி இல்லை. பருப்பும் நாரும் நெகிழிப்பையும் சூடப்பெட்டியும் மாலை நூலும் கலந்த குவியலிலிருந்து எந்தக் கரி ஆலையும் ஓட்டைப் பொறுக்கி எடுக்க முன்வராது. காய்ந்த, தூய, தனியான ஓட்டை விலைக்கு வாங்குவோர் உண்டு.

முதலாவது, அளவு. நேர்த்திக்கடனுக்கு ஒரு தேங்காயை மனமுவந்து உடைத்தல் போதும். நூறு தேங்காய் உடைக்க எண்ணியவர் ஒன்றை உடைத்து, மீதிப் பொருளை அன்னதானத்திற்கோ, வறிய மாணவரின் கல்விக்கோ வழங்கினால் இறைவன் அதனைக் குறைவாகக் கொள்ளமாட்டான். கழிவைப் பயன்படுத்த வழி உண்டு என்பது, கழிவைப் பெருக்குவதற்கு உரிமைச்சீட்டு ஆகாது.

இரண்டாவது, இடம். ஆலய வளாகத்தில் தேங்காய் உடைப்பதற்குக் கல்தொட்டி அமைத்து நாள்தோறும் கழுவிவந்தால், பருப்பு மண்ணில் விழாது. தூய பருப்பு மடைப்பள்ளிக்கு உதவும்; உண்ணத் தகாதது கால்நடைக்குத் தீவனமாகும்.

மூன்றாவது, பிரித்தல். ஓட்டிற்கு ஒரு கூடை, மட்டைக்கும் நாருக்கும் ஒரு கூடை, தாளுக்கும் அட்டைக்கும் ஒரு கூடை என மூன்று கூடைகள் போதும். ஓட்டை வெயிலில் நன்கு காயவைத்துச் சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் வைத்துக் கரி செய்வோரிடம் சேர்க்கலாம். ஒரே ஆலயத்தின் ஓடு சிறிதாக இருப்பின், வட்டாரத்து ஆலயங்கள் சேர்ந்து ஒரு வண்டியை அமர்த்தலாம். கிடைக்கும் தொகை பெரிதாக இராது. ஆயினும் அப்பணியைச் செய்யும் இளைஞரணிக்கு அது பெருமையாக இருக்கும்.

நான்காவது, பிள்ளைகள். தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் அறிவியல் விழாக்களில் ஆர்வத்தோடு பங்கேற்று வருகின்றனர். ஓட்டின் எடை எவ்வளவு, காய்ந்தபின் எவ்வளவு, ஒரு திருவிழாவில் ஆலயத்தில் சேரும் ஓடு எத்தனை கிலோ என்று அவர்களைக் கொண்டே நிறுத்து எழுதச் செய்யலாம். அந்தக் கணக்கேடு ஆலய நிர்வாகத்திற்குப் பயன்படும். அதனை எழுதிய பிள்ளைகளுள் ஒருவர் நாளை பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அதே ஓட்டைக் கையில் எடுக்கக்கூடும்.

நிறைவாக

சைவர் திருநீற்றை அணிவது, யாவும் ஒருநாள் நீறாகும் என்னும் உண்மையை மறவாமல் இருப்பதற்காக. அந்த உண்மை பொருள்களை விரயம் செய்யச் சொல்வதில்லை. நிலையாமையை உணர்ந்தவர் கையில் கிடைத்ததைப் பேணிப் பயன்படுத்தவே விரும்புவர். கட்டின்றி எரிந்த ஓடு ஒரு நொடி வெளிச்சம் காட்டிச் சாம்பலாகின்றது. அடங்கி வெந்த ஓடு கருத்துச் சிறுத்தாலும், ஆயிரம் முறை ஆற்றலை ஏற்றுப் பிறருக்கு வழங்கும் தகுதியைப் பெறுகின்றது.

அடுத்த தைப்பூசத்திலும் வெள்ளி ரதம் புறப்படும், தேங்காய்கள் உடைபடும். ரதம் கடந்தபின் சாலையோரத்தில் கூடையோடு நிற்கும் இளைஞர் சிலர் இருப்பார்களாயின், உடைந்த ஓடுகளும் வேண்டுதலின் தொடர்ச்சியாகவே விளங்கும். குனிந்து அந்த ஓட்டைப் பொறுக்குவதும் ஒரு சரியைத் தொண்டே.

எல்லாம்வல்ல தண்டாயுதபாணிப் பெருமானின் திருவருளால் அனைவரும் நலமும் வளமும் பெற்று வாழ்க.

திருச்சிற்றம்பலம்.